நாலு ஜனாதிபதி, ஒரு தளபதி

சவேந்திர சில்வாவ 2019 ஆகஸ்ட்ல இராணுவத் தளபதியா போட்டது அப்ப ஜனாதிபதியா இருந்த மைத்திரி. மறுகா கோட்டா வந்தார், அவர்தான் ஆள பாதுகாப்புப் படைகளின் பிரதானியாவும் ஆக்கினார். 2022ல கோட்டா நாட்ட விட்டு ஓட ரணில் வந்தார், அதே ஆள் அதே கதிரையில. ரணில் தோத்து அனுர வந்த பிறகும் ஆள் அசையல்ல, 2024 டிசம்பர் 31ல தான் ஓய்வில போனார். இடையில 2020 பெப்ரவரியில அமெரிக்கா அவருக்கு பயணத் தடை போட்டது, 2009 கடைசிச் சண்டையில அவர் நடத்தின 58வது படைப்பிரிவு செஞ்சதா சொல்லப்படுற கொலைகளுக்கு கட்டளைப் பொறுப்பு அவருக்கு இருக்கு எண்டு. அரசாங்கம் அத மறுத்தது, அவ்வளவுதான். ஆட்சி மாறினா எல்லாம் மாறும் எண்டு இஞ்ச மட்டக்களப்பில இண்டைக்கும் நம்புற ஆக்கள் இத ஒருக்கா யோசிக்கணும்.

2022 யூலை 9ல சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள போன நேரம் ஆமி பெரிசா தடுக்கல்ல எண்டு தெற்கில நிறையப் பேர் சந்தோசப்பட்டாங்க. சரி, ரத்தம் ஓடாதது எனக்கும் நிம்மதிதான். ஆனா 21ம் திகதி ரணில் சத்தியப்பிரமாணம் எடுத்து, அடுத்த நாள் விடியக்கு முன்னமே அதே ஆமி காலிமுகத்திடல் போராட்டக் களத்துக்குள்ள புகுந்து சனத்துக்கு அடிச்சது. ரெண்டு கிழமைகூட இல்ல. தளபதி மாறல்ல, சட்டமும் மாறல்ல, உத்தரவு போட்ட ஆள் மட்டும்தான் மாறினார். அப்ப ஒரு நாட்டு சனத்தின்ட உயிர், ஒரு அதிகாரி எந்தக் கதிரை உறுதியா இருக்கு எண்டு பாக்கிறதிலயா தொங்கிட்டு இருக்கணும்?

சரத் பொன்சேகாட கதைய எடுங்க. யுத்தம் முடிஞ்சு எட்டு மாசத்தில, 2010 ஜனவரி ஜனாதிபதி எலக்சன்ல, எங்கட மட்டக்களப்பு மாவட்டம் கிட்டத்தட்ட 69 வீதம் அவருக்குத்தான் போட்டது, அந்த யுத்தத்த நடத்தின தளபதிக்கு! தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சொன்னது ஒரு காரணம், மகிந்தவ அனுப்பணும் எண்ட வெறி அதவிட பெரிய காரணம். அந்த நேரம் சனத்துக்கு இருந்த தெரிவு அவ்வளவுதான், அந்த சனத்த நான் குறை சொல்ல மாட்டன். எலக்சன் முடிஞ்சு ரெண்டு கிழமையில அவரப் பிடிச்சு உள்ள போட்டாங்க. எதுக்கு? யூனிபோர்மோட அரசியல் செஞ்சது, ஆயுதக் கொள்வனவில மோசடி. மறுகா வெள்ளைக்கொடி வழக்கு, சரணடைய வந்த ஆக்கள சுடச் சொல்லி பாதுகாப்புச் செயலாளர் உத்தரவு போட்டதா பத்திரிகைக்கு சொன்னார் எண்டு மூண்டு வருச தண்டனை. இத நிதானமா ஒருக்கா வாசிங்க. சொன்னதுக்கு வழக்கு நடந்தது. நடந்ததா சொல்லப்பட்ட விசயத்துக்கு வழக்கே இல்ல. 2015ல மைத்திரி வந்ததும் மன்னிப்பு, பதவி திரும்ப, மார்ச்ல பீல்ட் மார்ஷல்.

ஜெனரல், கைதி, பீல்ட் மார்ஷல். எல்லாம் ஒரே மனுசன்தான். மகிந்தவுக்கு எதிரா நிண்டதுக்கு ஜெயில், மைத்திரி பக்கம் நிண்டதுக்கு பட்டம். வன்னியில செத்த சனம் இந்தக் கணக்கில எந்த இடத்திலயும் வரல்ல.

கொக்கட்டிச்சோலைய மறந்த ஆக்கள் இஞ்ச இருக்க மாட்டாங்க. 1991 யூன் 12, மகிழடித்தீவில கண்ணிவெடியில ரெண்டு ஆமி செத்ததுக்குப் பிறகு 67 பொதுமக்களக் கொலை செஞ்சாங்க எண்டு ஜனாதிபதி ஆணைக்குழுவே சொன்னது. இராணுவ நீதிமன்றம் சிப்பாய்மாரக் கொலைக் குற்றத்தில இருந்து விடுவிச்சு, ஆக்களக் கட்டுப்படுத்தல்ல எண்டு ஒரு அதிகாரிய சேவையில இருந்து நிப்பாட்டினதோட கதை முடிஞ்சது. அதுக்கு மேல, கொழும்பில இருந்த பெரிய தலைகள் வரை ஒரு கேள்வியும் போகல்ல. பிரேமதாச போய், விஜேதுங்க, சந்திரிகா, மகிந்த எண்டு எத்தின பேர் வந்தாங்க, அந்த பைல ஒருத்தரும் திறக்கல்ல.

இன்னொரு விசயம், இண்டைய தம்பிமார் நம்ப மாட்டீங்க. இந்த நாட்டு ஆமிக்கு வெள்ளைக்காரனுக்குப் பிறகு வந்த முதல் தளபதி தமிழன், அன்ரன் முத்துக்குமாரு, 1955ல இருந்து 1959 வரை. 1956ல கொத்தலாவல தோத்து பண்டாரநாயக்க தனிச்சிங்களம் எண்டு வந்த நேரமும் அவர்தான் தளபதி. இண்டைக்கு அப்பிடி ஒருத்தர கற்பனை பண்ண ஏலுமா?

எனக்கு இதில ஒரே ஒரு கேள்விதான். பொலிஸ் மா அதிபரப் போடணும் எண்டா அரசியலமைப்புப் பேரவையின்ட சம்மதம் வேணும், சட்டமா அதிபருக்கும் வேணும். ஆனா முப்படைத் தளபதிமார ஜனாதிபதி தன்ட விருப்பத்துக்குப் போடலாம், நீடிக்கலாம், பட்டம் குடுக்கலாம். அப்ப அந்த அதிகாரி ஆருக்கு விசுவாசமா இருப்பார், அரசியலமைப்புக்கா, கையெழுத்துப் போட்ட ஆளுக்கா? சவேந்திர போன பிறகு அனுர அந்தப் பிரதானி கதிரைக்கு உடன ஆளப் போடாம விட்டார், அது நல்ல விசயம், ஆனா கதிரைய காலியா வைக்கிறது சட்டம் இல்ல, நாளைக்கு இன்னொருத்தர் வந்து தனக்குத் தேவையான ஆள அதில இருத்தலாம். புது அரசியலமைப்பு கொண்டு வாறம் எண்டு சொல்லித்தான் இந்த அரசு வந்தது. முப்படைத் தளபதி நியமனமும் பேரவைக்குள்ள வரணும், கட்டளைப் பொறுப்ப சிவில் நீதிமன்றம் விசாரிக்க சட்டத்தில இடம் வேணும் எண்டு மட்டக்களப்பில இருந்து போன அஞ்சு எம்பிமாரும் கட்சி பாக்காம பாராளுமன்றத்தில கேக்கணும், அவங்கள் கேக்கல்ல எண்டா அடுத்த முறை வோட்டுக் கேட்டு எங்கட வாசலுக்கு வரேக்க நாங்க கேக்கணும்.