கீழ்ப்பாதியை வெட்டாமல் பகிருங்கள்

ஒரு கையில் கொடி, மறு கையில் துப்பாக்கி, ஆடை சரிந்து மார்பு தெரிய முன்னேறி வரும் பெண். பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவாவின் 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' ஓவியம். ஜூலை 14 வந்தால் போதும், 1789 பிரெஞ்சுப் புரட்சியின் பாஸ்டில் சிறைத் தகர்ப்பு என்று எழுதி இதைப் பகிர்கிறார்கள். அதுவும் இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டு.

இது 1789 இல்லை, 1830. பத்தாம் சார்லஸ் மன்னர் பத்திரிகைச் சுதந்திரத்தை முடக்கினார், சபையைக் கலைத்தார், வாக்குரிமையைச் சுருக்கினார். பாரிஸ் மக்கள் தெருவில் பதித்திருந்த கற்களைப் பெயர்த்துத் தடுப்பரண் கட்டி, ஜூலை 27 முதல் 29 வரை மூன்றே நாளில் அவருடைய ஆட்சியை முடித்துவைத்தார்கள். ஆண்டு தெரிந்தால்தான் அந்தக் கொடியின் வீரியம் புரியும். நெப்போலியன் வீழ்ந்த பிறகு, 15 ஆண்டுகளாகப் புரட்சியின் மூவண்ணக் கொடிக்கு அங்கே இடமில்லை. மன்னரின் வெள்ளைக் கொடிதான் பறந்தது. அதனால் இந்தக் கொடியைத் தூக்குவதே கலகம். படத்தின் வலது ஓரம், புகைக்கு நடுவே நோத்ர தாம் தேவாலயக் கோபுரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயும் புள்ளியாக அதே கொடி பறக்கிறது.

இப்போது கீழே வாருங்கள். இடது மூலையில் ஒரு பிணம். மேலே சட்டை மட்டும். கால்சட்டை இல்லை, ஒரு காலில் மட்டும் காலுறை. படுக்கையிலிருந்து இழுத்துவந்து கொன்றார்களா, செத்த பிறகு உடையை உருவிக்கொண்டார்களா, டெலாக்ருவா சொல்லவில்லை. வலது பக்கம் அரச படை வீரர்கள் செத்துக் கிடக்கிறார்கள். நம் ஆள், எதிராளி எல்லாரும் ஒரே தரையில். அவர்களைத் தாண்டித்தான் சுதந்திரம் நடந்து வருகிறது. என்னைப் பொறுத்தவரை, இந்தக் கீழ்ப்பாதி இல்லையென்றால் இது வெறும் போஸ்டர்.

அவள் எந்தப் பக்கம் வருகிறாள் என்றும் கவனியுங்கள். நம்மை நோக்கித்தான். 2.6 மீட்டர் உயரம், 3.25 மீட்டர் அகலத் துணியிலிருந்து கூட்டமே நம்மீது இறங்கி வருகிறது. பார்க்கிற நாம் நிற்பது மன்னரின் படை நின்ற இடத்தில்! பகிர்கிற எல்லாரும் அவளுக்குப் பின்னால் நிற்பதாகவே நினைத்துக்கொள்கிறோம்.

இந்தப் படத்தின் ஆபத்து அன்றைய அரசுக்குப் புரிந்தது. அந்தப் புரட்சியால் அரியணை ஏறிய லூயி பிலிப்பின் அரசு 3,000 பிராங்க் கொடுத்து இதை வாங்கியது. கொஞ்ச நாள் மாட்டி வைத்தார்கள், பிறகு கழற்றிவிட்டார்கள். கடைசியில் ஓவியரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லூவர் அருங்காட்சியகத்துக்கு வந்தது 1874இல்தான்.

அன்றைய விமர்சகர்களுக்கு வேறு கவலை. பெண் அழுக்காக இருக்கிறாளாம், அக்குளில் முடி இருக்கிறதாம். பளிங்குச் சிலை மாதிரி ஒரு தேவதையை எதிர்பார்த்தவர்களுக்கு, தெருவில் வியர்த்து வழியப் போராடும் சாதாரணப் பெண்ணாக அவளைக் காட்டினாரே, அங்கேதான் டெலாக்ருவா எனக்கு மிகப் பெரியவராகத் தெரிகிறார். ஆனால் அவளைச் சுற்றிப் போராடுகிறவர்களில் இன்னொரு பெண் கண்ணில் படவில்லை. தொப்பிக்காரர், தொழிலாளி, இரண்டு கைத்துப்பாக்கியோடு ஓடிவரும் சிறுவன், எல்லாரும் ஆண்கள். சுதந்திரத்துக்குப் பெண்ணுருவம் கொடுத்த அதே பிரான்ஸ், பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது 1944இல். இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.