பம்பர் கொக்கியில் படகு இழுக்கலாமா?

"பழைய சிறிய எஸ்யூவியின் பின் பம்பரில் கொக்கி மாட்டினால் போதும், மதுரையிலிருந்து மண்டபத்துக்குப் படகை இழுத்துப் போகலாம்" என்ற வாட்ஸ்அப் தகவல் தவறு. அந்தப் பம்பரைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பிளாஸ்டிக் ஓசைதான் கேட்கும். கொக்கிச் சட்டத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வண்டியோடு தரும் இழுவை வளையமோ, பழுதாகி நின்ற வண்டியை மீட்பதற்கு மட்டுமே.

எடையிலும் ஏமாறுகிறார்கள். படகை மட்டும் கணக்கிட்டு, அதைச் சுமக்கும் டிரெய்லரையும் படகின் எஞ்சினையும் மறந்துவிடுகிறார்கள். 100 லிட்டர் பெட்ரோலே சுமார் 75 கிலோ! படகோடு சேர்ந்த டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் கொக்கியின்மேல் அழுத்த வேண்டும். டிரெய்லரின் பின்பாரம் மிகுந்தால் அது பக்கவாட்டில் வாலாட்டும். கையேட்டில் இழுவை எடையே குறிப்பிடப்படவில்லை என்றால் இழுக்காதீர்கள். பாரம் இழுக்கும்போது பிரேக்கும் முக்கியம்: பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூடேறிக் கொதித்தால் பிரேக் பிடிக்காமல் பெடல் தரை தட்டும்.