கோப்பாக நகலெடுத்தால் ஒலித்தரம் குறையாது

கச்சேரிப் பதிவை ரெக்கார்டரிலிருந்து கணினிக்கு மாற்றுவது பற்றி, "யுஎஸ்பி வழியாக எடுத்தால் தரம் போய்விடும், ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் போட்டு கணினியில் மறுபடி பதிவு செய்யுங்கள்" என்று சொல்வது தவறு. ரெக்கார்டர் சேமித்த வேவ் (WAV) ஒலிக்கோப்பை நகலெடுத்தால் ஒரு பிட்கூட மாறாது. ஹெட்போன் வழியில்தான் ஒலி அனலாக் (தொடர் மின்னலை) ஆகி மறுபடி டிஜிட்டலாகிறது. பாட்டு முடிந்து கைதட்டல் எழுமுன் வரும் அந்த நொடி அமைதியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஏறுவது அதனால்தான். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். டேட் (DAT) என்ற பழைய டிஜிட்டல் ஒலிநாடாவுக்கு அப்படித்தான் செய்தோம், சரி. மெமரி கார்டுக்கு அது தேவையே இல்லை.

அப்புறம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பதிவு மணிக்கு சுமார் 1 ஜிபி. பல ரெக்கார்டர்கள் 2 ஜிபி ஆனதும் அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். எல்லாத் துண்டுகளும் வந்துவிட்டனவா என்று கேட்டுப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.