இஸபெல்லாவுக்குப் புனிதர் பட்டம் வேண்டாம்

ஸ்பெயினின் இஸபெல்லா அரசிக்குப் புனிதர் பட்டம் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்குள்ள கத்தோலிக்கர்களில் ஒரு சாராரிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1974இல் அவர் 'இறை ஊழியர்' என்று அறிவிக்கப்பட்டார்; புனிதர் பட்டத்துக்கான முதல் படி அது. அதற்கு மேல் ஒரு படிகூடக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் திறமையில்லாத அரசி என்பதால் அல்ல. யாரும் ஆட்டுவிக்க முடியாத அளவுக்குத் திறமைசாலி என்பதால்தான்.

1451இல் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையை இழந்தார். மனநலம் குன்றிய தாயோடு அரேவலோ என்ற சிற்றூரில் வளர்ந்தார். அன்று ஸ்பெயின் பல அரசுகளாக இருந்தது; அவற்றில் ஒன்றான காஸ்டிலின் அரசராக இருந்த அண்ணன் என்ரிகே அவரைத் தன் அரசியல் தேவைக்கு ஏற்ற இடத்தில் கட்டிக்கொடுக்கப் பார்த்தார். இஸபெல்லா அசையவில்லை. பக்கத்து அரசான அரகானின் இளவரசர் ஃபெர்டினாண்ட் கோவேறு கழுதை ஓட்டும் வணிகர்களின் வேலையாள் போல மாறுவேடத்தில் எல்லை தாண்டி வர, 1469இல் வல்லதோலித் நகரில் திருமணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு 18 வயது.

1474 டிசம்பரில் அண்ணன் இறந்த செய்தி வந்ததும், கணவர் ஊரில் இல்லாதபோதே, செகோவியாவில் முடிசூடிக்கொண்டார். ஊர்வலத்தில் அவருக்கு முன்னால் உருவிய வாளை நிமிர்த்திப் பிடித்தபடி ஒருவர் நடந்தார். தண்டனை வழங்கும் அதிகாரத்தின் அடையாளமான அந்த வாளை ஒரு பெண்ணுக்கு முன்னால் ஏந்திச் செல்வதா என்று அன்றே முணுமுணுப்பு எழுந்தது. ஃபெர்டினாண்டுக்கும் மனத்தாங்கல். ஆனாலும் காஸ்டிலின் அரசுரிமை மனைவிக்கே உரியது என்ற உடன்படிக்கையில் அவர் கையெழுத்திட நேர்ந்தது. பெண்ணுரிமை பேசுகிறவர்கள் இந்தக் காட்சியைக் கொண்டாடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. நானும் கொண்டாடுகிறேன்.

ஆனால் அந்த வாள் யார் மீது இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1492 மார்ச் 31இல் யூதர்கள் அனைவரும் ஜூலை முடிவதற்குள் மதம் மாற வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற ஆணை பிறந்தது. தங்கம், வெள்ளி, நாணயம் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது. ஒரு கழுதைக்கு ஒரு வீட்டைக் கொடுத்தார்கள், கொஞ்சம் துணிக்கு ஒரு திராட்சைத் தோட்டத்தைக் கொடுத்தார்கள் என்று அக்கால வரலாற்றை எழுதிய ஆந்த்ரேஸ் பெர்னால்தெஸ் எழுதி வைத்திருக்கிறார். அவர் யூதர்கள் மேல் இரக்கம் கொண்டவர் அல்லர். அவர்களை வெறுத்த பாதிரியார். அவர் கண்ணிலேயே அந்த விலை உறுத்தியிருக்கிறது என்றால் நடந்தது எப்படிப்பட்ட கொள்ளை என்று எண்ணிப்பாருங்கள். ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடாவின் மீது நடந்த போருக்குக் கடன் கொடுத்து உதவிய யூதர் இசாக் அபர்பனேலும் வெளியேறியவர்களில் ஒருவர்.

இதைச் சொன்னவுடன் "அந்தக் காலம் அப்படி" என்ற பதில் வந்துவிடும். இங்கிலாந்து 1290இலேயே யூதர்களை விரட்டவில்லையா என்றும் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இஸபெல்லாவின் முன்னால் வேறு வழியும் இருந்தது, அதுவும் அவர் கைப்பட ஒப்பமிட்ட வழி. 1491 நவம்பரில் கிரனாடா சரணடையச் சம்மதித்தபோது முஸ்லிம்களின் மதம், பள்ளிவாசல்கள், நீதிபதிகள் எதிலும் கை வைப்பதில்லை என்று அரசரும் அரசியும் எழுதிக்கொடுத்தார்கள். அங்கே முதல் பேராயராகப் போன தலவேரா, இஸபெல்லாவின் ஆன்ம குரு. தன் குருக்கள் அரபு மொழி கற்க வேண்டும், பேசிப் புரியவைத்துத்தான் மனம் மாற்ற வேண்டும் என்று நினைத்தவர். அவரும் மதமாற்றத்தைத்தான் விரும்பினார். ஆனால் வற்புறுத்தலை விரும்பவில்லை. 1499இல் டொலேடோ பேராயர் சிஸ்னெரோஸ் அங்கே வந்தார். கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்கு, நடுச்சதுக்கத்தில் அரபு நூல்களுக்குத் தீ. மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள், கிளர்ச்சியையே காரணம் காட்டி ஒப்பந்தம் செல்லாது என்றார்கள். 1502இல் காஸ்டில் முழுவதும் முஸ்லிம்களுக்கும் அதே கட்டளை: மாறு, அல்லது வெளியேறு.

சிஸ்னெரோஸும் அரசியின் ஆன்ம குருவே. இரண்டு குருக்கள், இரண்டு வழிகள். கொடுத்த வாக்கைக் கைவிட்ட வழியை அவர் தேர்ந்தெடுத்தார். காலம் தேர்ந்தெடுக்கவில்லை.

அவருக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று உண்டு. கொலம்பஸ் கரீபியன் தீவுகளிலிருந்து அனுப்பிய பூர்வகுடி மக்களை அடிமைகளாக விற்பதைத் தடுத்து நிறுத்தினார். 1504 நவம்பரில், சாவதற்கு மூன்று நாள் முன்பு எழுதிய இணைப்பு உயிலில் அவர்களை நியாயமாக நடத்தச் சொன்னார். ஆனால் அதே மக்களைக் கட்டாய வேலை வாங்கலாம் என்று 1503இல் அனுமதித்ததும் அவரே.

1504 அக்டோபரில் எழுதிய முதன்மை உயிலில், திருச்சபைக் கொள்கைக்கு மாறானவர்கள் என்று கருதியவர்களை விசாரித்த மத விசாரணை மன்றத்துக்குத் துணை நில்லுங்கள் என்று வாரிசுகளைக் கேட்டுக்கொள்கிறார். சேவில் நகரில் 1481 முதலே மனிதர்களை எரித்துக்கொண்டிருந்த மன்றம் அது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதன் வேலையைப் பார்த்த பிறகு, படுத்த படுக்கையில் கிடந்தும், அது தொடர வேண்டும் என்று விரும்பியவரைப் பீடத்தில் ஏற்றி வணங்கச் சொல்லாதீர்கள்.