சாம்பார் தண்ணியாக இருப்பது ஏன்?

மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்து எழுதிய ஒரு கட்டுரை படித்தேன். இந்தியாவில் கிராமத்துக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 2011-12இல் கிட்டத்தட்ட 53 சதவீதம், 2022-23இல் 46 சதவீதம். சாப்பாட்டுக்குப் போகும் பங்கு குறைந்ததால் வசதி கூடிவிட்டது என்கிறது அந்தக் கட்டுரை. சரி, ஓரளவு உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் அரிசி கார்டுக்கு 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். சோற்றுக்குக் காசு வேண்டாம், குழம்புக்குத்தான் வேண்டும். வசதி இருக்கிறதா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

எங்கள் பக்கம் கூலி கைக்கு வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள். வேலை இல்லாத வாரம் ரசமும் அப்பளமும்தான். ரேஷனில் 30 ரூபாய்க்குத் தரும் ஒரு கிலோ துவரம்பருப்பு ஐந்து பேருக்கு மாதம் முழுக்க எப்படி வரும்? சாம்பார் தண்ணியாகத்தான் இருக்கும். மாடு உள்ள வீட்டிலும் பால் சொசைட்டிக்குப் போய்விடும், மாட்டுக்கடன் கட்டணுமே! பிள்ளைகளுக்குக் கிடைப்பது டீயில் விழுகிற பால்தான்.

அம்மா விடியற்காலையிலேயே நடவுக்குப் போய்விட்டால் காலைச் சாப்பாடு பழையது, இல்லாவிட்டால் கடை பன். இப்போது அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு வந்தது பெரிய ஆறுதல். அப்புறம், அந்தச் செலவுக் கணக்கெடுப்பு குடும்பம் மொத்தமாக வாங்கியதையும் தின்றதையும்தான் கேட்கிறது. கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மாவுக்கு அதில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்பதில்லை.