பழைய பாட்டைப் பாட மறுத்தது சரிதான்

‘பிளாக் கன்ட்ரி, நியூ ரோட்’ என்ற ராக் குழுவைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ரசிகர்கள் இன்னும் ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: பழைய பாடகர் ஐசக் வுட் காலத்துப் பாடல்களை ஏன் மேடையில் பாடுவதில்லை? என்னைக் கேட்டால், அந்த முடிவால்தான் இந்தக் குழு இன்னும் உயிரோடு இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2018 இல் இங்கிலாந்தில் தொடங்கிய குழு. ஏழு பேர். கிதாரோடு வயலினும் சாக்ஸபோனும் சேர்ந்து முட்டி மோதும் ராக். நிஞ்சா டியூன் என்ற சுயாதீன நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பம் 2021 இல் பிரிட்டனின் மெர்குரி இசை விருதுக்கான இறுதிப் பட்டியலுக்குப் போனது. இரண்டாவது ஆல்பம் 2022 பிப்ரவரி 4 அன்று வர வேண்டும். ஜனவரி 31 அன்று, பாடகர் ஐசக் விலகுவதாக அறிவித்தார். கிதார் வாசித்துக்கொண்டே பாடுவதுகூடக் கஷ்டமாகும் அளவுக்குச் சோகமும் பயமும் பிடித்திருப்பதாகச் சொன்னார். மற்ற ஆறு பேர் இதற்குக் காரணமில்லை என்பதையும் தெளிவாகச் சொன்னார். ஆல்பம் பிரிட்டன் ஆல்பம் தரவரிசையில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அதை மேடையேற்றத்தான் ஆளில்லை.

அவர் குரலுக்குக் கிட்டத்தட்ட ஒத்த குரலோடு ஒருவரைத் தேடிப் பிடித்திருக்கலாம். வியாபாரம் நடந்திருக்கும். ஆனால் அந்த வரிகள் ஒரு மனிதனின் வலியிலிருந்து வந்தவை. அதே வலி தாங்காமல் அவர் விலகிய பிறகு, இன்னொருவரை நிறுத்தி ஊர் ஊராக அதை நடிக்கவைப்பது எனக்கு அருவருப்பாக இருந்திருக்கும். ஆறு பேரும் அதைச் செய்யவில்லை. புதிய பாடகரும் வேண்டாம், பழைய பாடல்களும் வேண்டாம் என்று முடிவெடுத்து, சில மாதங்களிலேயே கோடைத் திருவிழாக்களுக்குப் புதுப் பாடல்கள் எழுதினார்கள். பாஸ் கிதார் டைலர் ஹைட், கீபோர்டு மே கெர்ஷா, சாக்ஸபோன் லூயிஸ் எவன்ஸ் என மூவரும் பாடுவதைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆல்பமாக வராத பாடல்களை மட்டும் நம்பி மேடையேற எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்தப் பாடல்களை 2022 டிசம்பரில் லண்டன் புஷ் ஹாலில் நேரடியாகப் பதிவு செய்தார்கள். பள்ளி நாடகம் போல வேடம் கட்டி, அரங்கை அலங்கரித்து. சில இடங்களில் குரல் தடுமாறும். அதைத் திருத்தாமல் விட்டதற்காகவே அந்தப் பதிவு எனக்கு உயிர். மே கெர்ஷா பாடும் கிட்டத்தட்ட பத்து நிமிடப் பாட்டு மெல்லத் தொடங்கி மொத்தக் குழுவையும் இழுத்துக்கொண்டு எழும்பும் இடத்தை ஒருமுறை கேளுங்கள்.

1980 இல் பாடகர் இயன் கர்டிஸ் இறந்தபோது, அவருடைய ஜாய் டிவிஷன் குழுவின் மற்ற மூவரும் பெயரையே மாற்றி நியூ ஆர்டர் ஆனார்கள். அவர்களும் ஆளாளுக்குப் பாடிப் பார்த்த பிறகுதான் பெர்னார்ட் சம்னர் பாடகரானார். இந்த ஆறு பேர் பெயரை வைத்துக்கொண்டது தப்பு என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். ஏழு பேர் சேர்ந்து கட்டிய பெயர் அது.

2025 ஏப்ரலில் வந்த ஆல்பத்தில் டைலர், மே இருவருடன் வயலின் கலைஞர் ஜார்ஜியா எல்லரியும் பாடுகிறார். லூயிஸ் பாடுவதை விட்டுவிட்டார். சரி, பழைய ஆல்பங்களில் இருந்த பதற்றம் இதில் இல்லை. சில பாடல்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன என்றும் எனக்குப் படுகிறது. ஆனால் மூன்று பெண் குரல்களும் சேர்ந்து வரும் இடங்கள் வேறு எந்தக் குழுவிடமும் கிடைக்காது.

ஐசக்கின் குரல் வேண்டும் என்றால் அந்த இரண்டு ஆல்பங்களும் அப்படியே இருக்கின்றன, கேளுங்கள். கச்சேரிக்குப் போய் நின்று இந்த ஆறு பேரிடம் அந்தப் பாட்டைக் கேட்டுக் கத்தாதீர்கள்.