சுமக்கிறவனுக்குப் பெயர் கிடையாது

பணக்காரனைக் கிண்டலடிக்க வேண்டுமா? பெரிய தொந்தி, உயரத் தொப்பி, வாயில் சுருட்டு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கேலிச்சித்திரங்களில் நிறைய இந்த ரகம்தான். எனக்கு இவை சீக்கிரம் அலுத்துவிடும்.

1883-இல் ‘பக்’ என்ற அமெரிக்க நகைச்சுவை வார இதழில் பெர்ன்ஹார்ட் கில்லம் வரைந்த ஒரு படத்தை எல்லோரும் கொண்டாடுவார்கள். கனமான தெப்பம் ஒன்று. அதன்மேல் ஜே கூல்ட், வாண்டர்பில்ட், சைரஸ் ஃபீல்ட், ரசல் சேஜ் என்று அன்றைய பெரும் பணக்காரர்கள் நால்வரும் பண மூட்டைகளோடு சொகுசாக உட்கார்ந்திருக்கிறார்கள். அடியில் தொழிலாளிகள் தெப்பத்தைத் தாங்கி நிற்கிறார்கள். வாரக்கூலி 6 டாலர், 11 டாலர் என்று எழுதியே வைத்திருக்கிறது. நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் மேலே இருப்பவர்களுக்கு முகம் உண்டு, அன்றைய வாசகர் பார்த்ததுமே பெயர் சொல்லிவிடுவார். கீழே இருப்பவனுக்குத் தொழிலும் கூலியும் மட்டும்தான். ‘பக்’ ஒரு பிரதி 10 சென்ட். வாரம் 6 டாலரில் குடும்பம் நடத்துகிறவன் அதற்குச் சந்தாதாரராகவா இருந்திருப்பான்? நடுத்தர வர்க்கம் பார்த்து உச்சுக்கொட்ட வரைந்த படம் அது.

அதே இதழின் நிறுவனர்களில் ஒருவர், வியன்னாவில் பிறந்த ஜோசப் கெப்ளர். 1889 ஜனவரியில் அவர் வரைந்த, அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் சபையைப் பற்றிய படம் இதைவிடப் பல படி மேலே. தொந்தியை அவரும் விடவில்லை, சரி. ஸ்டாண்டர்ட் ஆயில், சர்க்கரை, செம்பு, உப்பு என ஏகபோக நிறுவனங்கள் பண மூட்டை வயிற்றோடு பின்வரிசையில் மலை மாதிரி நிற்கின்றன. முன்னால் செனட்டர்கள் பொடியன்களாகத் தெரிகிறார்கள். படத்தின் உயிர் மேல் மூலையில் இருக்கிறது: ‘மக்கள் நுழைவாயில்’ என்று ஒரு கதவு, இழுத்துப் பூட்டியிருக்கிறது. ஏழை ஒருவர்கூடப் படத்தில் இல்லை, கண்ணீருக்கும் இடமில்லை. மிகையும் இல்லை. செனட்டர்களை அப்போது மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. மக்களே வாக்களிக்கும் முறை அரசியல் சட்டத்தில் ஏறியது 1913-இல்தான்.

படம் வந்த மறு ஆண்டே ஏகபோகங்களுக்கு எதிரான ஷெர்மன் சட்டம் வந்தது. கேலிச்சித்திரத்தின் வெற்றி என்று இதைச் சொல்கிறவர்கள் 1894-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு புல்மன் ரயில்பெட்டி நிறுவனத்துக்கு எதிராக நடந்த வேலைநிறுத்தத்தில் இதே சட்டத்தைக் காட்டித்தான் ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு எதிராக அரசு தடையுத்தரவு வாங்கியது. உத்தரவை மீறியதற்காக மறு ஆண்டு அவர் சிறைக்கும் போனார்.